பிள்ளைகள் தம் கதையைத் தாமே திருத்துவதற்கு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

சனிக்கிழமைதோறும் மாலையில், மும்பை தாராவியின் 90 அடிச் சாலையை ஒட்டிய ஓர் அறையில், 8 முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தமிழில் கதை எழுதப் பழக்கி வருகிறேன். சிலர் மாநகராட்சியின் தமிழ் வழிப் பள்ளியில் படிக்கிறார்கள். பலர் ஆங்கில வழியில் படித்துக்கொண்டு, வீட்டில் பாட்டியிடம் திருநெல்வேலித் தமிழும் தெருவில் இந்தியும் பேசுகிறார்கள். 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மகாராஷ்டிரப் பள்ளிகளில் மராத்தி கட்டாயப் பாடமாகிவிட்டதால், அதுவும் அவர்கள் நாவில் இருக்கிறது. இத்தனை மொழிகளுக்கு நடுவே வளரும் பிள்ளைகளிடம் கதைக்குப் பஞ்சமே இல்லை. எழுதச் சொன்னால் எழுதிவிடுவார்கள். எழுதியதைத் திரும்பப் பார்க்கச் சொன்னால்தான் முகம் மாறும்.

அந்த முகமாற்றத்துக்குப் பின்னால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு காரணம் இருக்கிறது என்பதால், கண்ணில் படும் அறிகுறியிலிருந்து தொடங்கி, அதன் காரணத்தைக் கண்டு, சரிசெய்யும் முறையில் இதை எழுதியிருக்கிறேன். உங்கள் பிள்ளைக்குப் பொருந்தும் அறிகுறியை மட்டும் படித்தாலும் போதும். ஆனால் வரிசையை மாற்ற வேண்டாம். முதலில் கதை, அடுத்து வாக்கியம், எழுத்துப் பிழை கடைசியில். பிள்ளை ஒரு பத்தியின் ஒற்றுப் பிழைகளையெல்லாம் பாடுபட்டுத் திருத்திய பிறகு, 'இந்தப் பத்தியே கதைக்கு வேண்டாமே' என்று நீங்கள் சொன்னால், பட்ட பாட்டை நினைத்து அதை நீக்கவே மாட்டாள்.

முன்னேற்பாடாகச் சில. எழுதும்போதே ஒரு வரி விட்டு ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். நோட்டின் இடப்பக்கம் வெறுமையாக இருக்கட்டும். நெருக்கி எழுதிய பக்கத்தில் ஒரு சொல்லைக்கூட நுழைக்க இடமில்லாதபோது, 'மாற்ற ஒன்றுமில்லை' என்று பிள்ளை சொல்வது இயல்பே. பிள்ளையிடமிருந்து ரப்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடித்த சொல் கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஏனெனில் அதுவே மேல் என்று பிறகு தோன்றலாம். பிள்ளையிடம் ஒரு பச்சைப் பேனா இருக்கட்டும். உங்கள் கையில் எந்தப் பேனாவும் இருக்க வேண்டாம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே கதையை வைத்துக்கொள்வோம். 10 வயதுச் சிறுமி ஒருத்தி எழுதியது. அவளுடைய சம்மதத்தோடு தருகிறேன்.

"காலையில் எழுந்தேன். பல் தேய்த்தேன். இட்லி சாப்பிட்டேன். அப்புறம் அம்மாவும் நானும் தம்பியும் சயானில் ரயில் ஏறினோம். அப்புறம் தாதர் வந்தது. அப்புறம் இறங்கினோம். ஒரே கூட்டம். அப்புறம் பார்த்தால் காணோம். மிகவும் பயமாக இருந்தது. அப்புறம் அவர் பிடித்து வைத்திருந்தார். கிடைத்துவிட்டான். மிகவும் சந்தோஷமாக இருந்தது. ஆகவே நாம் கூட்டத்தில் பெரியவர்களின் கையை விடக் கூடாது."

"எல்லாம் சரியாத்தான் இருக்கு டீச்சர்" என்று நோட்டை மூடிவிடுகிறாள்

அடிக்கடி காணும் அறிகுறி இதுதான். இதைச் சரிசெய்யாமல் மற்றவற்றுக்குப் போவதில் பயனில்லை. இதைச் சோம்பல் என்று எண்ணி நாம் கடிந்துகொள்கிறோம். உண்மையில் அவள் படித்துப் பார்த்திருக்கிறாள். ஆனால் தாளில் இருப்பதைப் படிக்காமல், மனத்தில் இருப்பதைப் படித்திருக்கிறாள். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. சொல்லுக்குச் சொல் விரலை வைத்து, உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். மேலே சொன்ன சிறுமி "அப்புறம் பார்த்தால் தம்பியைக் காணோம்" என்று படித்தாள். தாளில் 'தம்பியை' இல்லை. மறுபடி படிக்கச் சொன்னேன். மறுபடியும் 'தம்பியை' வந்தது. விரல் மட்டும் ஒரு கணம் எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாறியது.

எழுதியவருக்கும் எழுத்துக்கும் இடையில் தொலைவை உண்டாக்குவதுதான் இதற்கு மருந்து. முதல் தொலைவு நாட்கள். ஒரு சனிக்கிழமை எழுதிய கதையை அடுத்த சனிக்கிழமைக்கு முன் தொட விடாதீர்கள். எழுதிய அன்றே திருத்தச் சொல்லும் பள்ளி வழக்கம், கொதிக்கும் பாலைக் குடிக்கச் சொல்வதைப் போன்றது. இரண்டாவது தொலைவு வேறொருவரின் வாய். நோட்டை இன்னொரு பிள்ளையிடம் கொடுத்து, உள்ளது உள்ளபடி உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எழுதியவள் பென்சிலோடு பக்கத்தில் அமர்ந்து, படிப்பவன் எங்கே திக்குகிறான், எங்கே திரும்பிப் போய்ப் படிக்கிறான் என்பதை மட்டும் ஒரு புள்ளியால் குறித்துக்கொள்ள வேண்டும். இடையில் அவள் பேசக் கூடாது. "அது அப்படியில்லை, நான் என்ன சொல்ல வந்தேன்னா" என்று அவள் வாய் திறக்கும் இடமெல்லாம் தாளில் ஏதோ விட்டுப்போன இடம் என்பது இரண்டு மூன்று வாரங்களில் அவளுக்கே புரிந்துவிடும்.

படிப்பதற்கு நல்ல வாசகனைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பது என் அனுபவம். சரளமாகப் படிக்கும் பிள்ளை, விட்டுப்போன சொல்லைத் தானே இட்டு நிரப்பிப் படித்துவிடும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையே இதற்கு ஏற்றவன். வகுப்பில் பின்தங்கியவன் என்று பெயர் வாங்கியவனுக்கு இப்படி ஒரு மதிப்பான வேலை கிடைப்பது தனி நன்மை. வீட்டில் ஒற்றைப் பிள்ளையை வைத்துக்கொண்டிருப்பவர்கள், அவள் தாளைப் பார்த்துப் படிப்பதைக் கைபேசியில் பதிவு செய்து, மறுநாள் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கச் செய்யலாம்.

திருத்தச் சொன்னால், அதே கதையை அழகான கையெழுத்தில் மறுபடி எழுதி வருகிறான்

'திருத்தி எழுது' என்றால் பள்ளியில் பெரும்பாலும் அதுதான் பொருள் என்பதால், அவனைக் குறை சொல்வதற்கில்லை. படியெடுப்பதைச் சில மாதங்களுக்குத் தடை செய்துவிடுங்கள். கதையை ஒளிநகல் எடுத்து, வாக்கியம் வாக்கியமாகக் கத்தரித்து, தரையில் பரப்பி, முன்பின்னாக அடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டியிருப்பதால் வேர்த்துக் கொட்டும்; ஆனாலும் பிள்ளைகள் இதை மறுத்ததே இல்லை. எழுதியது கல்வெட்டு அன்று, நகர்த்தக் கூடியது என்று விரல்களுக்குத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கேட்பவர்கள் "யாரு? எங்கே? எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்

பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்கு உரிய குற்றங்கள் பத்து என்று வகுத்திருக்கிறார். அவை சிறுவர் கதைக்காகச் சொல்லப்பட்டவை அல்ல. என்றாலும் அந்தப் பெயர்களை வகுப்பில் பயன்படுத்தி வருகிறேன், ஏனெனில் குற்றத்துக்குப் பெயர் இருந்தால் அதைக் கண்டுபிடிப்பது விளையாட்டாகிவிடுகிறது. இந்த அறிகுறிக்கு உரிய பெயர் 'குன்றக் கூறல்'. வேண்டியதைக் குறைத்துச் சொல்லிவிட்டாள்.

தமிழில் இது எளிதாக நேரும். வினைமுற்றே எழுவாயைக் காட்டிவிடுவதால், பெயரை விட்டுவிட்டு எழுதுவது நம் மொழிக்கு இயல்பு. 'கிடைத்துவிட்டான்' என்றால் கிடைத்தவன் ஒரு பையன் என்று தெரிகிறது. யார் என்பது எழுதியவளுக்கு மட்டுமே தெரியும். "அவர் பிடித்து வைத்திருந்தார்" என்பது அதைவிட மோசம். அந்த 'அவர்' யார் என்பதற்குக் கதையில் எங்கும் விடையில்லை.

சரிசெய்யும் முறை இது. கேட்பவர்கள் கதையைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது. கேள்வி மட்டும் கேட்கலாம். ஒவ்வொரு கேள்வியையும் துண்டுத் தாளில் எழுதி எழுதியவளிடம் கொடுத்துவிட வேண்டும். நம் சிறுமிக்கு ஒன்பது துண்டுகள் வந்தன. தாதருக்கு எதற்குப் போனீர்கள்? தம்பிக்கு என்ன வயது? யார் கையைப் பிடித்திருந்தான்? காணவில்லை என்று முதலில் பார்த்தது யார்? அவர் என்றால் யார்? அம்மா திட்டினார்களா? தம்பி அழுதானா? எங்கே நின்றிருந்தான்? அன்றைக்கு என்ன கிழமை?

அவள் வாயால் சொன்ன பதில்கள் கதையைவிட நன்றாக இருந்தன. விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய நாள் தாதர் பூச்சந்தைக்குப் போயிருக்கிறார்கள். தம்பிக்கு 4 வயது. அம்மா இறங்கியதும் பையைத் தோளில் மாட்டுவதற்காக அவன் கையை இவளிடம் கொடுத்தாள், இவள்தான் விட்டுவிட்டாள். அவன் மேம்பாலப் படிக்கட்டுக்குப் பக்கத்தில், எடை பார்க்கும் இயந்திரத்தில் சுழலும் வண்ண விளக்குகளைப் பார்த்தபடி நின்றிருந்தான். மீன் கூடைக்காரப் பெண் ஒருவர் அவன் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தார். இத்தனையையும் வைத்துக்கொண்டு 'அவர் பிடித்து வைத்திருந்தார்' என்று எழுதியிருக்கிறாள்!

ஒன்பது கேள்விக்கும் விடை எழுதிச் சேர்த்தால் கதை காவல்நிலையப் புகாரைப் போல ஆகிவிடும். எவற்றுக்கு விடை சொல்வது என்று தீர்மானிக்கும் உரிமை எழுதியவளுக்கே உண்டு. கிழமை வேண்டாம் என்று அந்தத் துண்டைக் கசக்கிப் போட்டாள். கையை விட்டது தான்தான் என்பதை எழுதுவதா வேண்டாமா என்று அடுத்த வாரம் வரை யோசித்தாள். வீட்டில் அதுவரை யாருக்கும் தெரியாதாம். இதில் ஆசிரியர் தலையிடக் கூடாது என்று நினைக்கிறேன், நானும் தலையிடவில்லை. அவள் எழுதினாள்.

காலையில் எழுந்து பல் தேய்ப்பதிலிருந்து தொடங்குகிறது. நடந்தது மூன்றே வரியில் முடிந்துவிடுகிறது

நன்னூல் குற்றங்களில், சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை விரிக்கும் 'மற்றொன்று விரித்தல்' முன்பாதிக்கும், போகப் போகத் தேய்ந்து முடியும் 'சென்று தேய்ந்து இறுதல்' பின்பாதிக்கும் பொருந்தும். இரண்டாவது பெயர் எங்கள் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப்போய், மாட்டுங்கா நிலையத்துக்கு முன்னால் ஊர்ந்து நின்றுபோகும் ரயிலைக்கூட அப்படித்தான் சொல்கிறார்கள்.

பிள்ளை நாளைத் தொடக்கத்திலிருந்து நினைவுகூர்வதால், கதையும் அங்கிருந்தே தொடங்குகிறது. அது எழுதத் தொடங்குவதற்கு உதவும் ஏணி. ஏறிய பிறகு எடுத்துவிடலாம். தாளை மேலிருந்து வரி வரியாக மடித்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். எந்த வரி மறையும்போது கேட்பவர்களுக்குக் கதை புரியாமல் போகிறதோ, அந்த வரிக்கு முன் மடிப்பை நிறுத்த வேண்டும். பல் தேய்த்ததும் இட்லியும் மறைந்தால் ஒன்றும் குறையவில்லை. சயானில் ரயில் ஏறியதும் மறையலாமா என்று வகுப்பில் பெரிய விவாதம் நடந்தது. சயானிலிருந்து தாதர் இரண்டாவது நிலையம்தான், அதற்குள் கதைக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பது ஒரு கட்சி. கடைசியில் கதை 'தாதரில் இறங்கியதும்' என்று தொடங்கியது.

அடுத்து, நடந்த நேரத்தையும் அதற்குக் கொடுத்த வரிகளையும் ஒப்பிடச் சொல்லுங்கள். தம்பி காணாமல்போன சில நிமிடங்களுக்கு ஒரே வரி. அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்கு ஆறு வரி. 'காணோம்' என்ற சொல்லுக்கும் 'கிடைத்துவிட்டான்' என்ற சொல்லுக்கும் நடுவில் வெறும் பக்கம் ஒன்றைச் செருகி, "இந்தப் பக்கத்தில் நீ எங்கே நின்றாய்?" என்று மட்டும் கேட்டேன்.

எல்லா இடத்திலும் 'மிகவும் பயமாக இருந்தது', 'மிகவும் சந்தோஷமாக இருந்தது'

இந்தச் சொற்களைத் தடை செய்துவிடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை; தடை செய்தால் 'அச்சத்தில் உறைந்துபோனேன்' என்று எங்கோ படித்ததை எழுதிவிடுவார்கள், அது இன்னும் பொய்.

தொல்காப்பியம் மெய்ப்பாடு எட்டு என்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. மெய்யில் படுவது என்னும் அந்தச் சொல்லே பிள்ளைகளுக்குப் போதுமான பாடம். உள்ளத்தில் இருப்பது உடம்பில் எங்கே தெரிந்தது என்று கேட்க வேண்டும். எட்டையும் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டு, எடுத்த பிள்ளை பேசாமல் நடித்துக் காட்ட, மற்றவர்கள் தாங்கள் கண்டதை மட்டும் எழுதுகிறார்கள். இளிவரல் வந்த பிள்ளைக்குத்தான் எப்போதும் திண்டாட்டம். தனக்கே தன்மேல் அருவருப்பும் சிறுமையும் தோன்றும் நிலை என்று விளக்கியதும், அந்தச் சிறுமி "கையை விட்டப்போ எனக்கு வந்தது அதுதான்" என்றாள். அவள் கதையில் பயம் என்று எழுதியிருந்த இடத்தில் உண்மையில் இருந்தது பயம் மட்டும் இல்லை.

அன்று என்ன செய்தாய் என்று கேட்டதற்கு, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். அந்த வரி கதைக்குள் வந்தது. 'மிகவும்' இரண்டும் போயின. 'பயமாக இருந்தது' ஓரிடத்தில் அப்படியே நின்றது, நிற்கலாம்.

வாக்கியத்துக்கு வாக்கியம் 'அப்புறம்'

வாய்மொழியில் கதை சொல்லும்போது 'அப்புறம்' என்பது மூச்சு வாங்கும் இடம். கேட்பவர் 'உம்' கொட்டும் இடம். தாளில் உம் கொட்ட ஆளில்லாததால் அது வெறும் கூறியது கூறலாகிவிடுகிறது. எல்லா 'அப்புறத்தையும்' அடித்துவிட்டுப் படிக்கச் சொன்னால், பாதிக்கு மேல் இல்லாமலே பொருள் விளங்குவதைப் பிள்ளையே கண்டுகொள்ளும். எஞ்சியவற்றுக்குத் தமிழில் வினையெச்சம் என்னும் அருமையான வசதி இருக்கிறது. 'ரயில் நின்றது. அப்புறம் இறங்கினோம். அப்புறம் படியேறினோம்' என்பது 'ரயில் நின்றதும் இறங்கிப் படியேறினோம்' என்றாகிவிடும்.

இந்த மருந்துக்குப் பக்கவிளைவு உண்டு. வினையெச்சத்தின் சுவை கண்ட பிள்ளை, 'இறங்கி, நடந்து, ஏறி, பார்த்து, தேடி, அழுது' என்று பன்னிரண்டு பெட்டி ரயிலைப் போல ஒரே வாக்கியத்தில் கதையை முடித்துவிடும். மூன்று எச்சத்துக்கு மேல் ஒரு வாக்கியத்தில் வேண்டாம் என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொரு கோளாறு, ஆள் மாறும் இடத்தில் 'செய்து' என்னும் வடிவத்தைப் போடுவது. 'நான் பையைத் தூக்கி அம்மா நடந்தாள்' என்று ஒருவன் எழுதினான். தூக்கியவரும் நடந்தவரும் ஒருவராக இருந்தால்தான் 'தூக்கி' பொருந்தும். வேறு வேறு ஆள் என்றால் 'நான் பையைத் தூக்கியதும் அம்மா நடந்தாள்' என்று எழுத வேண்டும். 'மழை பெய்து நெல் விளைந்தது' என்பதில் தவறில்லையே என்று இலக்கணம் தெரிந்த பெற்றோர் கேட்கலாம். தவறில்லைதான், அதைப் பிள்ளைக்கு இப்போது சொல்லாமல் இருப்பதிலும் தவறில்லை.

பேச்சும் எழுத்தும் கலந்து கிடக்கின்றன

'அம்மா என்னைத் திட்டுனாங்க, நான் அழுதேன், ஏன் விட்டேன்னு கேட்டாள்' என்பதைப் போன்ற வாக்கியத்தில், யார் வாயிலிருந்து எது வருகிறது என்பதைப் பிரிப்பதே முதல் வேலை. பிறர் பேசியதைப் பச்சை நிறத்தில் அடிக்கோடிடச் சொல்லுங்கள். கோட்டுக்கு மேலுள்ளது எந்தத் தமிழிலும் இருக்கலாம், எந்த மொழியிலும் இருக்கலாம். கோடு இல்லாத இடம் கதை சொல்பவரின் குரல், அது தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே நடையில் இருக்க வேண்டும். முழுக் கதையையும் பேச்சுத் தமிழில் சொல்வது ஒரு பிள்ளையின் தேர்வாக இருந்தால் அதையும் ஏற்கலாம். வரிக்கு வரி மாறுவதுதான் குற்றம்.

பெற்றோர் பலர் உரையாடலில் வரும் இந்தியையும் மராத்தியையும் களைய வேண்டும் என்று கருதுகிறார்கள். மீன் கூடைக்காரப் பெண் "குணாச்சா முல்கா ஹா?" என்றுதான் கேட்டார். 'இவன் யாருடைய பையன்?' என்று அவர் வாயில் தமிழை வைத்தால், தாதர் மேம்பாலம் திடீரென்று திருநெல்வேலிச் சந்திப்பாகிவிடும். மராத்தியை அப்படியே எழுதி, அதற்கு அம்மா சொன்ன பதிலால் பொருள் விளங்கும்படி செய்தாள் சிறுமி. பாட்டி பேசினால் 'ஏலே' என்று வரட்டும்.

பிற மொழியின் வாக்கியம் கதை சொல்பவரின் குரலுக்குள் புகுவது வேறு சங்கதி. எங்கள் பிள்ளைகள் 'மழை விழுந்தது' என்று எழுதுவார்கள். மராத்தியில் மழை விழத்தான் செய்கிறது. தமிழில் மழை பெய்யும். ஆனால் 'தூறல் விழுந்தது' என்று ஊர்ப்பக்கம் சொல்வதுண்டு என்பதால், இதைப் பெரிய பிழையாக நான் எடுத்துக்கொள்வதில்லை. பாட்டியிடம் படித்துக் காட்டு என்று அனுப்பிவிடுவேன். பாட்டி சிரித்தால் மாற்ற வேண்டும்.

வினைமுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை

'தண்டவாளத்தில் இரண்டு நாய்கள் படுத்திருந்தது'. 'ஓடினேன், பார்க்கிறேன், கத்தினேன்'. தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் நிற்பதால் இதைத் தேடுவது சுலபம். கடைசிச் சொற்களை மட்டும் இடப்பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொன்னால், காலம் மாறிய இடமும், 'படுத்திருந்தன' என்று வர வேண்டிய இடமும் பட்டியலில் துருத்திக்கொண்டு தெரியும். தேடும் காட்சியை மட்டும் வேண்டுமென்றே நிகழ்காலத்தில் எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள். தெரிந்து செய்தாளா என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால் போதும்.

நீதி சொல்லாமல் முடிக்கத் தெரியவில்லை

பாடநூலில் படித்த கதைகளின் பழக்கம். கடைசி வரியை மடித்து மறைத்துவிட்டுப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்டவர்கள் ஏதும் குறைவதாகச் சொல்லாவிட்டால், அது மடிந்தே இருக்கட்டும். 'திடீரென்று கண்விழித்தேன், எல்லாம் கனவு' என்பதற்கும் இதே மருந்துதான்.

'எழில்மிகு', 'வண்ணமயமான' என்று திடீரென்று சொற்கள் முளைக்கின்றன

வீட்டில் யாரோ திருத்திக் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளையைக் கேட்காதீர்கள், பெற்றோரிடம் தனியாகப் பேசுங்கள்.

திருத்தம் என்றாலே அழுகிறான், அல்லது "நீங்களே திருத்திக் கொடுங்க" என்கிறான்

இதற்கு நானே காரணமாக இருந்திருக்கிறேன். வகுப்பு தொடங்கிய ஆண்டில், 9 வயதுப் பையன் ஒருவன் மழைவெள்ளம் வீட்டுக்குள் வந்த இரவைப் பற்றி நான்கு பக்கம் எழுதி வந்தான். அம்மா அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டுப் பிள்ளைகளை அதன்மேல் உட்காரவைத்த காட்சி அதில் இருந்தது. நான் சிவப்பு மையால் நாற்பதுக்கும் மேற்பட்ட பிழைகளைச் சுழித்து, கீழே 'நன்று' என்றும் எழுதிக் கொடுத்தேன். அவன் அடுத்த வாரம் அரைப் பக்கம் எழுதினான்; அந்த அரைப் பக்கத்தில் பிழையே இல்லை. தனக்கு எழுத்துத் தெரிந்த சொற்களை மட்டும் பொறுக்கி எழுதியிருந்தான்.

அதன்பிறகு ஒரு கதைக்கு இரண்டு குற்றங்கள் மட்டுமே என்று வைத்துக்கொண்டேன். அவற்றில் ஒன்றைப் பிள்ளையே தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றவை அடுத்த கதைக்கு. பிழை மீதமிருக்கும் நோட்டைப் பார்த்துப் பெற்றோர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வது ஆசிரியரின் வேலை.

ல, ள, ழ, ர, ற, ன, ண, ந

எல்லாம் முடிந்த பிறகு இங்கே வரலாம். எழுத்துப் பிழை பார்க்கும்போது கதையைக் கடைசி வரியிலிருந்து முதல் வரி நோக்கிப் படிக்கச் சொல்லுங்கள். கதையின் இழுப்பு இல்லாதபோதுதான் கண் எழுத்தில் நிற்கும்.

மும்பைப் பிள்ளைகளுக்கு ஒரு நற்பேறு உண்டு. மராத்தியில் ளகரம் இருக்கிறது. கறுப்பை இந்தியில் 'காலா' என்றும் மராத்தியில் 'காளா' என்றும் சொல்லும் பிள்ளைக்கு, பல்லிக்கும் பள்ளிக்கும் உள்ள வேறுபாட்டை நாக்கு முன்பே அறிந்திருக்கிறது. அதை நினைவூட்டினால் போதும். ழகரத்துக்கு அந்த உதவி கிடையாது. வழி, பழம், மழை, வாழை, கிழமை என்று அடிக்கடி வரும் சொற்களை மனத்தில் நிறுத்துவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

ந, ண, ன என்னும் மூன்று எழுத்துகளுக்கு விதி உண்டு. சொல்லின் முதலில் வருவது 'ந' மட்டுமே. தகரத்துக்கு முன் 'ந்', டகரத்துக்கு முன் 'ண்', றகரத்துக்கு முன் 'ன்': பந்து, வண்டி, கன்று. இந்த மூன்று சொற்களையும் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். ஒற்று மிகுமிடங்களில் மூன்றை மட்டும் சொல்லிக்கொடுங்கள்: 'தம்பியைத் தேடினேன்' என்பதில் உள்ள ஐ, 'தாதருக்குப் போனோம்' என்பதில் உள்ள கு, 'அந்தப் பெண்' என்பதில் உள்ள அந்த. பிள்ளைகளின் கதைகளில் விடுபடும் ஒற்றுகளில் பெரும்பகுதி இவற்றிலேயே அடங்கிவிடும்.

திருத்தத் திருத்தக் கதையில் உயிர் குறைகிறது

மூன்றாம் வடிவம் முதல் வடிவத்தைவிடச் சரியாகவும் சப்பென்றும் இருந்தால், திருத்துவதை நிறுத்துங்கள். இதற்காகத்தான் முதல் வடிவத்தை அழிக்க விடக் கூடாது என்றேன். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்து, முதலில் இருந்த எதுவெல்லாம் தொலைந்தது என்று வட்டமிடச் சொல்லலாம்.

அந்தச் சிறுமியின் மூன்றாம் வடிவத்தில் அந்த இடம் இப்படி இருந்தது: "தாதரில் இறங்கியதும் நடைமேடையில் பெருங்கூட்டம் இருந்ததால், நான் திரும்பிப் பார்த்தபோது என் தம்பியைக் காணவில்லை." பிழையில்லாத வாக்கியம். குன்றக் கூறலும் இல்லை. பழைய நோட்டை எடுத்து இரண்டையும் மாறி மாறிப் படித்துவிட்டு, பச்சைப் பேனாவால் இதை அடித்துவிட்டு, மேலே எழுதினாள்: "அம்மா தம்பியின் கையை என்னிடம் கொடுத்தாள். ஒரே கூட்டம். பார்த்தால் காணோம்."

'தம்பியை' விட்டுப்போயிருக்கிறதே என்று கேட்டேன்.

"வேணாம் டீச்சர். முன்னாடி வரியிலேயே அவன் கை இருக்கே" என்றாள்.